மடிக்கணினியில் பாட்டு ஏன் மெலிகிறது?

வீட்டுக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வருகிறது. மகன் பல கடைகள் ஏறி இறங்கி, பார்த்துப் பார்த்து வாங்கியது. வேகம் இருக்கிறது. திரை பளிச்சென்று இருக்கிறது. எடையும் குறைவு. அப்பா ஆசையோடு தமக்குப் பிடித்த திரைப்பாடல் ஒன்றைப் போடச் சொல்கிறார். பாட்டு வருகிறது. ஆனால், பாடகரின் குரல் தகரக் குவளைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. தபேலா இருக்க வேண்டிய இடத்தில் விரலால் மேசையைத் தட்டுவதுபோல் ஏதோ சத்தம்.

"இவ்வளவு காசு கொடுத்தும் இதுதானாப்பா?" என்கிறார் அப்பா.

"அப்பா, இந்த ஹெட்போனைப் போட்டுக் கேளுங்க" என்கிறான் மகன்.

அப்பா மாட்டிக்கொள்கிறார். அதே பாட்டு. ஆனால் இப்போது தபேலா முழங்குகிறது, குரல் நெஞ்சுக்குள் இறங்குகிறது, வயலின்கள் இடமும் வலமும் விலகி நிற்கின்றன. கணினி ஒன்று, பாட்டு ஒன்று, கேட்கும் காதும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாதபோது மக்கள் மூன்று தவறுகளைச் செய்கிறார்கள். கணினி கெட்டுவிட்டது என்று பழுது பார்க்க எடுத்துச் செல்கிறார்கள். அல்லது, பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒலித்தர முத்திரையை நம்பிக் கூடுதல் விலைக்கு வேறொன்றை வாங்குகிறார்கள். மூன்றாவது தவறுதான் மிகவும் கவலை தருவது. குறைந்த தரத்தை அதிகச் சத்தத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். முதல் இரண்டில் போவது பணம். மூன்றாவதில் போவது செவி.

ஒலி என்பது காற்றைத் தள்ளும் வேலை

ஒலிபெருக்கி செய்வது ஒரே ஒரு வேலைதான். தன் முன்னால் இருக்கும் காற்றை முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. நொடிக்கு எத்தனை முறை தள்ளுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும்.

மேல் சுரங்களை எழுப்பச் சிறிய ஒலிபெருக்கியே போதும். ஒரு கொசுவின் சிறகே காதருகே ரீங்காரம் எழுப்பி நம் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது அல்லவா? அடித்தொனி அப்படிப்பட்டதன்று. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அந்த ஒலியை அறை நிறையக் கேட்கச் செய்ய நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஒலிபெருக்கியின் சவ்வு பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிக தூரம் அசைய வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. சத்தத்தின் அளவு மாறாமல் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், சவ்வு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். 400 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 16 மடங்கு. 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 64 மடங்கு.

இனி மடிக்கணினியைப் பாருங்கள். மூடிய நிலையில் அதன் மொத்தத் தடிமனே பலவற்றில் 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். அதற்குள் திரை, விசைப்பலகை, மின்கலம், விசிறி எல்லாம் இடம் பிடித்தது போக மிஞ்சும் மூலையில்தான் ஒலிபெருக்கியைப் பொருத்துகிறார்கள். சவ்வு கட்டைவிரல் அகலம் இருந்தாலே பெரிது. அது ஒரு மில்லிமீட்டர் அசைவதற்கே இடம் தடுமாறும். அதனிடம் போய் 64 மடங்கு அசை என்றால் எங்கே போகும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அடித்தொனிதான் முதலில் அழியும். அதனால்தான் வீட்டு ஒலிபெருக்கிகளை மரப்பெட்டிக்குள் அடைக்கிறார்கள். மடிக்கணினியிலும் சிறு பிளாஸ்டிக் கூடு உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். கொஞ்சக் காற்றை அடைத்து அழுத்தினால், வாயை விரலால் மூடிய சைக்கிள் பம்புபோல அது விறைத்துக்கொள்ளும். சவ்வை அசையவிடாது.

ஆக, மடிக்கணினியின் ஒலி மெலிவது பெரும்பாலும் பழுதன்று. தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மெல்லிய கணினி வேண்டும் என்று நாம் கேட்டதற்குக் கொடுக்கும் விலை அது.

கும்கி எங்கே போயிற்று?

பெரும்பாலான மடிக்கணினிகளின் ஒலிபெருக்கி 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக வலுவிழந்துவிடும். இது எதை எதைப் பறிக்கிறது என்று பார்ப்போம்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். வலந்தலையின் ஒலி கணீரென்று மேலே நிற்கும். அது மடிக்கணினியில் ஓரளவு கேட்டுவிடும். இடப்பக்கத் தொப்பியிலிருந்து வழுக்கிக்கொண்டு எழும் கும்கி இருக்கிறதே, அதுதான் காணாமற்போகும். திரைப்பாடல்களில் பாஸ் கிட்டார் போகும். அதன் மிகத் தாழ்ந்த தந்தியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். மடிக்கணினியால் அதைத் தொடவே முடியாது.

ஆனால், பாட்டு முழுவதும் தொலைந்துவிடுவதில்லை. அதற்குக் காரணம் நம் மூளையின் சாமர்த்தியம். எந்த இசைக்கருவியின் சுரமும் ஒற்றை அதிர்வெண் அன்று. அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ் என்றால் அதோடு 200, 300, 400 என்று மேல் ஒலிகளும் சேர்ந்தே வருகின்றன. அடிப்படை ஒலி காதை எட்டாவிட்டாலும், மேல் ஒலிகளின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்தச் சுருதியைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பேச்சில் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி அதை எழுப்புவதே இல்லை. ஆனாலும் பேசுவது அண்ணன்தான், அக்கா அல்ல என்று நமக்குத் தெரிகிறது. அதுபோலத்தான் இதுவும். தம்பூராவின் ஒலி மடிக்கணினியிலும் ஓரளவு நிறைவாகக் கேட்பதற்குக் காரணம், அதில் மேல் ஒலிகள் கொட்டிக் கிடப்பதுதான்.

இந்தச் சாமர்த்தியத்தைக் கணினித் தயாரிப்பாளர்களும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அடித்தொனியை நேராகக் கொடுக்க முடியாதபோது, அதற்குரிய மேல் ஒலிகளை மென்பொருள் மூலம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். மூளை மீதியை நிரப்பிக்கொள்கிறது.

1950களின் திரைப்பாடல்கள் பலவற்றை மடிக்கணினியில் கேட்டால் அவ்வளவு மோசமாக இல்லையே என்று சிலர் வியப்பதுண்டு. வியப்பில்லை. அவற்றில் குரல்தான் முன்னே நிற்கும். ஒற்றைத் தடத்தில் பதிவானவை என்பதால் இடம், வலம் பிரியும் பேச்சே இல்லை. இக்காலப் பாடல்கள் ஆழமான அடித்தொனியின் மேல் கட்டப்படுகின்றன. அத்திவாரத்தை எடுத்துவிட்டால் கட்டடம் ஆடத்தானே செய்யும்?

சத்தத்தைக் கூட்டினால் என்ன?

எல்லாரும் செய்வது இதைத்தான். ஆனால் சத்தத்தின் கணக்கு நாம் நினைப்பதுபோல் இல்லை. மின்சக்தியை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி தேவை. மடிக்கணினி ஒலிபெருக்கி பலவற்றின் திறன் ஒவ்வொன்றுக்கும் 2 வாட் அளவில்தான் இருக்கிறது. பத்து மடங்குக்கு எங்கே போவது?

அதன் எல்லையைத் தாண்டித் தள்ளினால் சவ்வு முட்டி மோதும். ஒலி கரகரக்கும். கம்பிச்சுருள் சூடேறும். இதைத் தடுக்க இப்போதைய கணினிகள் பலவற்றில் காவல்காரன் போன்ற ஒரு சில்லு இருக்கிறது. சுருள் எவ்வளவு சூடாகிறது, சவ்வு எவ்வளவு அசைகிறது என்று நொடிக்கு நொடி கணித்து, ஆபத்து வரும்போது அடித்தொனியைக் குறைத்துவிடும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஒலி இன்னும் தட்டையாகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முயன்றால் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2019ல் வெளியிட்ட 16 அங்குல மேக்புக் புரோவில் ஆறு ஒலிபெருக்கிகளை வைத்தது. அடித்தொனிக்கானவற்றை ஒன்றுக்கொன்று எதிராக இயங்கும்படி அமைத்ததால், ஒன்றின் அதிர்வை மற்றொன்று ஈடு செய்தது. கணினியின் உடல் நடுங்காமல் அடித்தொனி கிடைத்தது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், பணமும் வேண்டும். அதற்குப் பிறகும், மேசையில் வைக்கும் ஒரு சாதாரண ஒலிபெருக்கிப் பெட்டி தரும் ஆழத்தை அது எட்டிப்பிடிக்காது.

வைக்கும் இடத்திலும் இருக்கிறது

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. உங்கள் மடிக்கணினியைத் திருப்பிப் பாருங்கள். பல கணினிகளில் ஒலிபெருக்கியின் துவாரங்கள் அடிப்பக்கத்தில் இருக்கும். ஒலி மேசையில் பட்டுத் தெறித்துத்தான் நம்மிடம் வருகிறது. கெட்டியான மர மேசை என்றால் நல்லது. மெத்தையிலோ தலையணையிலோ மடியிலோ வைத்தால் துணி ஒலியை விழுங்கிவிடும். முதலில் விழுங்கப்படுவது மேல் ஒலிகள். சொற்கள் மழுங்கிப்போகும். காற்றோட்டம் அடைபடுவதால் விசிறியும் வேகமெடுத்து இரையத் தொடங்கும்.

தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தந்தாலும், கணினியை அருகில் இழுத்து வைப்பது சத்தத்தைக் கூட்டுவதைவிடச் சிறந்தது. சுற்றுச் சத்தம் கலப்பதற்கு முன்பே சொல் காதுக்கு வந்து சேர்ந்துவிடும்.

கணினியைச் சுத்தமாக அழித்து வின்டோசை மறுபடி நிறுவியவர்கள், "முன்பு நன்றாக இருந்தது, இப்போது சத்தமே சப்பென்று ஆகிவிட்டது" என்று சொல்வதுண்டு. தயாரிப்பாளர் அந்தக் கணினியின் ஒலிபெருக்கிக்கென்றே சுருதி கூட்டி வைத்திருந்த மென்பொருள் அழிந்துபோயிருக்கும். நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து அந்த மாடலுக்கு உரிய ஒலி மென்பொருளை மீண்டும் நிறுவினால் பழைய ஒலி திரும்பிவிடும். இதற்காகப் புதிய ஒலிபெருக்கி மாற்றிக் காசு கொடுத்து ஏமாற வேண்டாம்.

அதே கணினி, வேறு வாசல்

இப்போது ஹெட்போனுக்கு வருவோம். கணினிக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின்னலைகளாக மாற்ற ஒரு சில்லு இருக்கிறது. ஒருகாலத்தில் கணினி வெறும் 'பீப்' சத்தம் மட்டுமே போடும். நல்ல ஒலி வேண்டுமென்றால் தனி அட்டை வாங்கிச் செருக வேண்டும். அந்த அட்டைகளில் உலகப் புகழ் பெற்றது சவுண்ட் பிளாஸ்டர். 1989ல் அதை வெளியிட்டது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம். 1981ல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் சிறு கணினிப் பழுதுக் கடையாகத் தொடங்கியது அது. அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

பிறகு அந்த வேலை கணினியின் தாய்ப்பலகைக்கே இறங்கிவிட்டது. 2004ல் இன்டெல் வகுத்த ஹை டெபினிஷன் ஆடியோ முறை நொடிக்கு 1,92,000 மாதிரிகள் வரை கையாளக்கூடியது. 1982ல் சந்தைக்கு வந்த குறுந்தட்டு நொடிக்கு 44,100 மாதிரிகளில் நின்றது. குறுந்தட்டின் கணக்கே மனிதச் செவியின் மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஏனெனில், மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அளவுள்ள அதிர்வெண் வரை ஒலியைப் பதிந்துவிடலாம். 44,100ல் பாதி 22,050. நம் செவியோ 20,000ல் நின்றுவிடுகிறது.

ஆகையால், இன்றைய சாதாரண மடிக்கணினியின் ஹெட்போன் வாசலில் வரும் ஒலி பொதுவாக நல்ல தரமானது. அங்கே காற்றைத் தள்ளும் சிரமமும் இல்லை. காதுக்கும் ஹெட்போனுக்கும் இடையே மூடிய ஒரு சிறு காற்றறைதான் இருக்கிறது. ஓர் அறை முழுவதையும் அசைக்க வேண்டிய வேலை, ஒரு சிமிழ் அளவு காற்றை அசைக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. வாட் கணக்கில் தேவைப்பட்ட சக்தி, வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிவாட் கணக்கில் போதும். ஒரு மில்லிவாட்டுக்கே 100 டெசிபெல் சத்தம் தரும் ஹெட்போன்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

அப்பாவின் கேள்விக்கு விடை இதுதான். கணினிக்குள் இருந்த பாட்டு தொடக்கம் முதலே முழுமையாகத்தான் இருந்தது. மெலிந்தது வெளியே வரும் வாசலில்தான்.

இந்த வாசலிலும் சில முடிச்சுகள்

ஹெட்போன் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மின்தடை. கைத்தொலைபேசிக்கென்று வரும் ஹெட்போன்கள் 16 அல்லது 32 ஓம் அளவில் இருக்கும். எந்தக் கணினியும் அவற்றை ஓட்டிவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யப்பட்டவை சில 250, 300 ஓம் வரை போகும். இவற்றுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. சாதாரணக் கணினியில் செருகினால் சத்தம் அடங்கியே கேட்கும். விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கியும் ஏமாற்றமா? ஹெட்போனைக் குறை சொல்வதற்கு முன் அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓம் எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, இரைச்சல். கணினியை வெளி ஒலிபெருக்கியோடு கம்பியால் இணைக்கும்போது 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால், முதலில் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றவாளி மின்னேற்றி வழியாக வரும் நில இணைப்புத்தான். கணினி கெடவில்லை. மின்கலத்தில் ஓட்டலாம், அல்லது நில இணைப்பைப் பிரிக்கும் சிறு கருவி ஒன்றை இடையில் செருகலாம்.

மூன்றாவது, மென்பொருள் ஒப்பனை. சிறிய ஒலிபெருக்கியைத் தூக்கிவிடுவதற்காகச் சேர்த்த ஒப்பனை, சில கணினிகளில் ஹெட்போனுக்கும் தொடர்ந்துவிடும். மெலிந்தவருக்குக் கொடுத்த டானிக்கை நல்ல உடம்புக்காரருக்கும் ஊற்றியதுபோல் ஆகிவிடும். குரல் குகைக்குள் பேசுவதுபோல் எதிரொலித்தால், ஒலி அமைப்புப் பக்கத்தில் அந்த ஒப்பனையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, புளூடூத். கம்பியில்லா ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கும். இணையக் கூட்டத்தில் சேர்ந்ததும் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடும். பலருக்கும் இது புரியாத புதிர். காரணம் எளிது. பழைய புளூடூத் முறையில், ஹெட்போனின் ஒலிவாங்கி வேலை செய்யத் தொடங்கியதும் ஒலி இரு தடத்திலிருந்து ஒரு தடமாகச் சுருங்குகிறது. மாதிரிகளும் நொடிக்கு 16,000 அல்லது 8,000 என்று இறங்கிவிடுகின்றன. இதற்கு மருந்து, கேட்பதற்கு ஹெட்போனையும் பேசுவதற்குக் கணினியிலேயே உள்ள ஒலிவாங்கியையும் தேர்ந்தெடுப்பது. அப்போது ஹெட்போனின் தரம் குறையாது. எல்.இ. ஆடியோ என்னும் புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

தாத்தாவுக்கு ஏன் புரியவில்லை?

2020ல் மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கின. வகுப்பறை, அலுவலகம், உறவினர் வீடு எல்லாம் மடிக்கணினிக்குள் வந்து சேர்ந்தன. அன்று தொடங்கிய பழக்கம் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது. வெளிநாட்டில் படிக்கும் பேத்தி வார இறுதியில் திரையில் வந்து தாத்தாவோடு பேசுகிறாள். தாத்தா தலையை ஆட்டுகிறார், சிரிக்கிறார். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அவர் சொல்லும் பதில் பொருந்துவதில்லை. "தாத்தாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது போலும்" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக்கூடாது. முதுமையில் செவித்திறன் பொதுவாக மேல் அதிர்வெண்களில்தான் முதலில் குறைகிறது. உயிரெழுத்துகளின் ஒலி கீழே இருக்கிறது, அது கேட்டுவிடும். ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மேலே இருக்கிறது, அது நழுவிவிடும். அதனால் குரல் கேட்கும், சொல் புரியாது.  இதோடு மெத்தைமேல் வைத்த மடிக்கணினி, சுழலும் மின்விசிறி, பக்கத்து அறைத் தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்தால் தாத்தா என்ன செய்வார்? திரும்பத் திரும்ப "என்னம்மா?" என்று கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார்.

இதற்குச் சத்தத்தைக் கூட்டுவது மருந்தாகாது. கூட்டினால் கேட்கும் பகுதிதான் இன்னும் அதிகமாக இரையும். கேட்காத பகுதி அப்படியே நிற்கும். காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றை, மிதமான சத்தத்தில், தாத்தாவுக்கு மாட்டிவிட்டுப் பாருங்கள். அறையின் இரைச்சல் விலகும், பேச்சின் மேல் ஒலிகள் நேரே வந்து சேரும். அப்போது புரிகிறது என்றால், குறை பெரும்பாலும் ஒலியிலும் அறையிலும் இருந்தது என்று கொள்ளலாம். அப்போதும் புரியவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று செவிப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டில் எதுவானாலும், மறதி என்று பட்டம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

செவியின் வரவு செலவுக் கணக்கு

தாத்தாவின் காது வயதால் தேய்கிறது. பேரப்பிள்ளைகளின் காதை நாமே தேய்த்துவிடக்கூடாது. மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்று மேலே பார்த்தோம். மெலிந்த ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்துப் பழகியவர், அதே நிலையில் ஹெட்போனைச் செருகினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். செருகுவதற்கு முன் சத்தத்தைக் குறைப்பதை வீட்டுப் பழக்கமாக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கமும் சேர்ந்து வகுத்த தரம் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபெல் என்பது அதன் கணக்கு. ஒலி 3 டெசிபெல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு 83 டெசிபெல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம், 89 என்றால் 5 மணி நேரம். 95க்குப் போனால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்!

மாதச் சம்பளம்போல இதையும் ஒரு வாரச் சம்பளமாக நினைத்துக்கொள்ளலாம். மெதுவாகச் செலவழித்தால் வாரம் முழுவதும் வரும். தாராளமாக இறைத்தால் திங்கட்கிழமையே தீர்ந்துவிடும். ஒரே ஒரு வேறுபாடு. தீர்ந்த சம்பளம் அடுத்த மாதம் வரும். உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. 2050க்குள் உலகில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் செவிக்குறை இருக்கக்கூடும் என்று அந்த நிறுவனம் 2021ல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது.

பேருந்திலும் ரயிலிலும் சுற்றுச் சத்தத்தை வெல்லவே பலர் ஒலியைக் கூட்டுகிறார்கள். இரைச்சலை அடக்கும் ஹெட்போன் இருந்தால் கூட்ட வேண்டிய தேவை குறையும். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் உரத்துப் பேசியும் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், சத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று இரைந்தால் அது செவியின் முறையீடு.

வாங்குமுன் ஒரு பாட்டு

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேருக்கோ கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்கோ கணினி வாங்கப் போகிறவர்கள் திரையைப் பார்க்கிறார்கள், விசைகளைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒலியைக் கேட்டுப் பார்ப்பவர் குறைவு. உங்களுக்கு நன்கு பழக்கமான பாட்டு ஒன்றையும், யாராவது பேசும் பதிவு ஒன்றையும் போடச் சொல்லுங்கள். பாதிச் சத்தத்தில் சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா, முழுச் சத்தத்தில் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய கணினிகள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் யு.எஸ்.பி.-சி மாற்றி ஒன்று தேவைப்படும். எண்களை ஒலியாக மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில்லு இல்லாத வெறும் மாற்றி பல கணினிகளில் வேலை செய்யாது.

இசைக்காகக் கூடுதல் பணம் ஒதுக்க முடியும் என்றால் அதை மடிக்கணினியின் மேல் ஒட்டிய முத்திரைக்குக் கொடுக்காதீர்கள். நல்ல ஹெட்போனுக்கோ மேசையில் வைக்கும் சிறு ஒலிபெருக்கிக்கோ கொடுங்கள். கணினி நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல ஒலிபெருக்கி அடுத்த கணினிக்கும் கூட வரும்.

அப்பா இப்போது மேசைமேல் கணினியை வைத்து, சிறு ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து, மிதமான சத்தத்தில் அதே பாட்டைக் கேட்கிறார். தபேலா திரும்பி வந்துவிட்டது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவும் கூடவே முணுமுணுக்கிறார். ஹெட்போனில் ஒருவர்தான் கேட்கலாம். நல்ல ஒலிபெருக்கியில் ஒரு வீடே கேட்கலாம். எதில் கேட்டாலும், நாளைக்கும் கேட்கக் காது வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.